சிவப்புச் சீட்டுக் கூடு

அத்தியாயம் 6

கஜேந்திரனுக்கு எலி என்றாலே ஆகாது. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் தன் கால்விரலைக் கடித்த எலியின் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று சத்தியம் செய்வான். இன்றைக்கு அவனைச் சுற்றி எண்பது சுண்டெலிகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் சிவந்த கண்ணால் அவனையே பார்த்தன.

"மிஸ், கடிச்சிட்டா ஊசி போடணுமா?"

"உங்களுக்கா, எலிக்கா?" என்றாள் ஸுமைரா, கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸுமைரா பதினான்கு வருடம் பொலிஸில் இருந்தவள். மேலதிகாரி ஒருவர் எழுதச் சொன்ன பொய் வாக்குமூலத்தை எழுத மறுத்துவிட்டு, மறுநாளே சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது இரத்தினபுரியில், ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில், "விசாரணைகள்" என்று பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கஜேந்திரன் அவளுடைய உதவியாளன், அவளுடைய த்ரீவீலர் சாரதி, அவள் கேட்காத யோசனைகளுக்கெல்லாம் சொந்தக்காரன்.

அவர்கள் நின்றது குருவிட்டவுக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில். பழைய ரப்பர் புகைவீட்டைத் திருத்தி, சுவருக்கு வெள்ளை அடித்து, எலிகளைக் குடியேற்றியிருந்தார்கள். இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு முன்னால், காலை பத்து மணித் தேநீரைக் குடித்துவிட்டு நிரோஷா இங்கேதான் விழுந்தாள். இருபத்தாறு வயது. எலிக்கூடு கழுவும் வேலை. வலிப்புக்கு மேல் வலிப்பு வந்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் மூச்சு நின்றது.

தேநீர்ப் பிளாஸ்கில், எலிகளுக்கு வலிப்பை வரவைக்க ஊசியில் ஏற்றும் மருந்து கலந்திருந்தது. அதே பிளாஸ்கில் இருந்து மூன்று பேர் குடித்தார்கள்: நிரோஷா, ஆய்வுகூடத் தலைவர் டொக்டர் அப்ஹம், ஆராய்ச்சி செய்யும் ஜீவராணி. மற்ற இருவரும் தலைசுற்றி, கைகால் நடுங்கி, இரண்டு நாள் வார்ட்டில் கிடந்து எழும்பி வந்துவிட்டார்கள். தேநீர் ஊற்றிய ஆய்வுகூட ஊழியன் தனுஷன் மட்டும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்றான். பொலிஸ் அதை நம்பவில்லை. நிரோஷாவைக் கட்டிக்கொள்ள அவன் கேட்டதும் அவள் யோசிக்கவேண்டும் என்றதும் தெரியவந்தபோது, அவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது. தனுஷன் ரிமாண்டில் இருந்தான்.

நிரோஷாவின் தாய் ராக்கம்மா மட்டும் ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் ஏறி ஸுமைராவின் மேல்மாடிக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்: "எம் மகளத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனவன் தனுஷன் தாயி. கொன்னவன் அப்படி அழமாட்டான்."

டொக்டர் அப்ஹம் ஐம்பதைத் தொட்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துவிட்டார்களே என்ற கோபம் முகத்தில் இருந்தது.

"பொலிஸுக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்லப் போறன். நானும் சாகப் பார்த்தவன்."

"அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டீங்க," என்றாள் ஸுமைரா. "நான் கேக்க வந்தது அதப் பத்தித்தான். தேத்தண்ணி ஒண்டு. கப்பும் ஒரே அளவு. ரெண்டு பேர் தப்பினாங்க, ஒராள் தப்பல்ல. ஏன்?"

"அவட உடம்பு பலவீனம். தோட்டத்துப் புள்ள."

கஜேந்திரனுக்குச் சுருக்கென்றது. "தோட்டத்துப் புள்ளைங்க பலவீனம்னா உங்க தேத்தண்ணிக்குக் கொழுந்து பறிச்சது யாரு டொக்டர்?"

ஸுமைரா கண்ணால் அவனை அடக்கினாள். "எலிகளுக்கு என்ன செய்றீங்க? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

அப்ஹம் கூடுகளைக் காட்டினார். சிவப்புச் சீட்டு ஒட்டிய கூட்டு எலிகளுக்கு மூன்று கிழமை தைராய்டு மருந்து. வெள்ளைச் சீட்டு எலிகளுக்கு வெறும் தண்ணீர். அதன்பிறகு எல்லாவற்றுக்கும் வலிப்பு ஊசி. எது முந்தி விழுகிறது, எது பிழைக்கிறது என்று நேரம் குறிப்பார்கள்.

"மருந்து குடிச்ச எலிக்கு வலிப்பு பிந்தித்தான் வருது. சாவும் குறைவு. இது ஜீவராணிட கண்டுபிடிப்பு. வார மாசம் கொழும்புல வாசிக்கப் போறா. வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப்பும் கிடைச்சிரிக்கு."

"பிறகு?"

"பிறகு ஆக்கள்தான். தோட்டங்கள்ல வலிப்பு நோய் உள்ள இருபது பேருக்கு இந்த மருந்தக் குடுத்துப் பார்க்க அனுமதி கேட்டிரிக்கோம்."

ஸுமைரா கூடுகளுக்கு அருகே போனாள். "அந்தத் தைராய்டு மருந்து கூடினா உடம்புக்கு என்ன செய்யும்?"

"உள்ளுக்குள்ள அடுப்பு எரியுற மாதிரி. தின்னும், தின்னும், ஆனா மெலியும். சூடு தாங்காது. ஒரு இடத்துல இரிக்காது."

அவள் குனிந்து இரண்டு கூடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கஜேந்திரனும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். சிவப்புச் சீட்டுக் கூட்டில் எலிகள் கொழுகொழுவென்று, பஞ்சைக் குவித்து மெத்தை செய்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கின. தீனிப்பெட்டி பாதி நிறைந்திருந்தது. வெள்ளைச் சீட்டுக் கூட்டில் தீனிப்பெட்டி காலி. எலும்பு தெரியும் எலிகள் பஞ்சை மூலைக்கு மூலை உதறிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் ஓடின.

"இந்த வெள்ளைச் சீட்டுக்காரங்க எங்க மாமா மாதிரி மிஸ். சட்டியோட தின்பாரு. ஒடம்புல ஒட்டாது."

ஸுமைரா சிரிக்கவில்லை. "சீட்டு ஒட்டுறது யாரு?"

"நான், இல்லாட்டி ஜீவராணி."

"மருந்து அலுமாரிச் சாவி?"

"ஒண்டு என்கிட்ட. ஒண்டு இந்த மேசை லாச்சியில."

"நீங்க இந்தக் கூடுகள எப்ப கடைசியாப் பார்த்தீங்க டொக்டர்?"

அப்ஹம் தோளைக் குலுக்கினார். "எலியப் பார்க்க எனக்கு எங்க நேரம்? நான் கொழும்புக்கும் இங்கயும் ஓடுற மனுசன். நான் கணக்குத் தாளத்தான் பார்ப்பன்."

சுவரில் கையால் எழுதிய ஒரு தாள் தொங்கியது. 'எலிக்கும் தாகம் எடுக்கும். தண்ணிப் போத்தல் மாத்தினீங்களா?' நிரோஷாவின் எழுத்து. கஜேந்திரன் அதைச் சத்தமாக வாசித்தான். அப்ஹம் திரும்பிப் பார்த்தார்.

"அதுதானா எழுதியிரிக்கு? ரெண்டு வருஷமா தொங்குது. நான் படிச்சதெல்லாம் சிங்கள மீடியம். தமிழ் பேசுவன், எழுத்து தெரியாது."

"பயப்பட வேணாம் டொக்டர். உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல்ல."

பெல்மதுளையைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீலரின் பக்கப் படங்கை இறக்கிவிட்டுக் கஜேந்திரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"டொக்டர்தான் மிஸ். சாவி அவருகிட்ட, மருந்து அவருகிட்ட. தானும் கொஞ்சம் குடிச்சிட்டு நடிச்சிருக்காரு."

"கொஞ்சம் குடிச்சா சாகமாட்டோம் எண்டு அவருக்கு எப்படித் தெரியும்?"

"டொக்டராச்சே."

"சரி. அதே கொஞ்சத்தக் குடிச்சா நிரோஷா மட்டும் செத்துருவா எண்டு எப்படித் தெரியும்?"

பதில் இல்லாதபோது கஜேந்திரன் ஹோர்ன் அடிப்பான். அடித்தான். ரோட்டில் மாடுகூட இல்லை.

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையின் முச்சந்தியில் ஒரு பெரிய பேனர். பட்டமளிப்பு உடுப்பில் ஜீவராணி. 'எமது தோட்டத்தின் முதல் விஞ்ஞானி.' மழையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்திருந்தது. ஆனாலும் யாரோ புதிதாகக் கயிறு கட்டியிருந்தார்கள்.

ராக்கம்மாவின் காம்பிராவில் நேற்றைய கருமாதியின் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. அவள் பாயை விரித்துவிட்டு, தான் வெறும் தரையில் உட்கார்ந்தாள். விரல்கள் மடியில் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"கடைசி மாசத்துல மகள் எப்படி இருந்தா? சின்ன விஷயமும் சொல்லுங்க," என்றாள் ஸுமைரா.

"குருவிட்டயில போர்டிங்கில இருந்து சனிக்கெழமைதான் வருவா தாயி. வந்தா ஒரே பசி. ஒரு சட்டிச் சோறு தின்பா. ஆனா சட்டைய ரெண்டு தடவ புடிச்சுத் தச்சேன், அவ்வளவு எளைப்பு. மழை ஊத்துற அன்னிக்கும் போர்வைய ஒதறிட்டு வெறும் சிமிந்தியில படுப்பா. 'நெஞ்சு படபடங்குதும்மா'ம்பா. பக்கத்து லயத்துல எல்லாம் காதல் நோவுன்னு சிரிச்சாங்க. நான் கண்ணூறுன்னு வேப்பிலை அடிச்சேன்."

ஸுமைரா மெதுவாகத் திரும்பி உதவியாளனைப் பார்த்தாள். "கஜேந்திரன். எந்தக் கூடு?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. தீனிப்பெட்டி காலியான கூடு. பஞ்சை உதறிவிட்டு ஓடிக்கொண்டிருந்த எலிகள். வாயில் வந்த பகிடி வாயிலேயே செத்தது.

"மிஸ்... அவளுக்கு யாரோ..."

"அம்மா, மகள் ஏதாச்சும் குளிசை போட்டாளா?"

"சத்து மாத்திரை ஒண்ணு. ஒடம்புல ரத்தம் கொறவுன்னு லேப்புல குடுத்தாங்களாம். ஆறு கெழமையா வெறும் வயித்துல குடிச்சா." ராக்கம்மா சாமிப்படத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்தாள். "யாரு குடுத்தான்னு நான் கேக்கல. மிச்சம் கெடந்துச்சு. புள்ள குடிச்ச மருந்து, வீச மனசு வரல. ஒரு கெழமையா நான்தான் போட்டுக்கிறேன்."

ஸுமைரா அந்தப் போத்தலைப் பறித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே பொடிப் பொடியாக வெள்ளைக் குளிசைகள். வெளியே ஒட்டிய துண்டுத்தாளில் நீலப் பேனாவில், அழகாக, 'காலையில் ஒன்று. மறக்காமல்.'

"டொக்டர் அப்ஹம்!" என்றான் கஜேந்திரன். "அலுமாரிச் சாவி!"

"நீங்க ஒரு வேலை செய்ங்க. மேல் லயத்துக்குப் போய் ஜீவராணியக் கூட்டிக்கிட்டு வாங்க. டொக்டரப் பத்தி மிஸ்ஸுக்கு ரெண்டு கேள்வி இரிக்கு எண்டு சொல்லுங்க. அதுக்குள்ள நான் அம்மாவோட கதைச்சிட்டு இரிக்கன்."

ஜீவராணி உடனே வந்தாள். முப்பது வயதுக்கு மீறி முகம் வாடியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும், "தனுஷன விட்டுருவாங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போனபின், "நிரோஷாவ அந்த வேலையில சேத்துவிட்டது நான்தான். போர்டிங்கிலயும் ஒரே அறை. கட்டில அவளுக்குக் குடுத்துட்டு நான் கீழ படுப்பேன்," என்றாள். கஜேந்திரன் அவளுக்காக வேகத்தைக் குறைத்து, பள்ளங்களை விலக்கி ஓட்டினான்.

காம்பிராவில் ஸுமைரா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டொக்டரைப் பற்றித்தான் கேட்டாள். அலுமாரியை யார் திறப்பார், டொக்டர் கோபக்காரரா. ஜீவராணி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். டொக்டர் அப்படிப்பட்டவர் இல்லை என்றாள். ஆனால் சாவி எப்போதும் அவரிடம்தான் என்றாள். லாச்சிச் சாவியைப் பற்றி அவள் சொல்லாமல் விட்டதைக் கஜேந்திரன் கவனித்தான். பயத்தில் மறந்திருப்பாள் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

ராக்கம்மா எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் தட்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் போத்தலை எடுத்தாள். கஜேந்திரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிஸ் அதை வாங்கிப் பையில் வைக்கவில்லையா?

"காலையில மறந்துட்டேன்," என்றபடி ராக்கம்மா உள்ளங்கையில் குளிசைகளைக் கொட்டினாள். மூன்று. நான்கு. "நிரோஷா குடிச்ச சத்து மாத்திரை ராணி. எனக்கும் ஒடம்பு முடியல. சேத்துப் போட்டா சீக்கிரம் தெம்பு வரும்ல?"

ஸுமைரா தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள் ராக்கம்மா. கஜேந்திரன் எழும்புவதற்குள் ஜீவராணி எழும்பிவிட்டாள். ராக்கம்மாவின் கையில் ஓங்கித் தட்டினாள். குளிசைகள் சிமெந்துத் தரையில் சிதறி ஓடின.

"வேணாம் அத்தே! அதக் குடிக்காதீங்க! செத்துருவீங்க!"

ஒரு குளிசை உருண்டுபோய்க் கஜேந்திரனின் காலடியில் நின்றது.

"சத்து மாத்திரைக்கு யாராச்சும் சாவாங்களா?" என்று கேட்டாள் ஸுமைரா. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்ல... அது லேப்புல இருந்து... டொக்டர் என்ன குடுத்தாருன்னு..."

"அது டொக்டர் குடுத்தது எண்டு உங்களுக்கு யாரு சொன்ன? நான் சொல்லல்ல. போத்தல்ல தமிழ் எழுத்து. டொக்டருக்குத் தமிழ் எழுத வராது. ஆனா எனக்கு எழுத்தும் தேவைப்படல்ல ஜீவராணி. எலிகளே சொல்லிட்டுது. சிவப்புச் சீட்டு எலி கொழுத்துத் தூங்குது. வெள்ளைச் சீட்டு எலி தின்னு தின்னு மெலியுது. சீட்டு மாத்தி ஒட்டினா எலிட பசியும் மாறுமா? மருந்து குடிச்ச எலிதான் முந்தி விழுந்து செத்திரிக்கு. நீங்க அந்தச் சாவையெல்லாம் தண்ணி குடிச்ச எலிட கணக்குல போட்டிரிக்கீங்க."

ஜீவராணி சுவரில் சாய்ந்தாள்.

"டொக்டரா இரிக்கலாம் எண்டு நானும் யோசிச்சேன்," ஸுமைரா தொடர்ந்தாள். "ஆனா அவர் உங்கட அறிக்கைய நம்பினவர். இந்த மருந்து வலிப்பத் தடுக்கும் எண்டு நினைச்சவர். ஒராளைக் கொல்ல அவர் இதக் குடுத்திரிக்கவே மாட்டார். இத ஆறு கிழமை தின்ன ஆளுக்கு, மத்தவங்களுக்கு நடுக்கம் மட்டும் வார அளவே போதும், செத்துருவா எண்டு இந்த உலகத்துல ஒராளுக்குத்தான் தெரியும். உண்மையான கணக்கு தெரிஞ்ச ஆளுக்கு."

கஜேந்திரன் தரையில் கிடந்த ஒரு குளிசையை எடுத்துப் பார்த்தான்.

"அத வாயில போடுங்க," என்றாள் ஸுமைரா. "இனிப்பா இரிக்கும். எனக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலா போடுற வில்லை. நிஜக் குளிசை என்ட பையில."

ஜீவராணி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. யாருக்கோ ஒப்புவிப்பதுபோல மெல்லிய குரலில் பேசத் தொடங்கினாள்.

"நிரோஷா மூணு தடவ சொன்னா மிஸ். 'அக்கா, சீட்டு மாறிப்போயிருக்கு, நான் சரியா ஒட்டிடவா'ன்னு. நான் பிழை விட்டுட்டேன்னு நெனச்சா. எனக்கு ஒதவி பண்றதா நெனச்சா. நாலாவது தடவ, 'நீங்க பிஸியா இருக்கீங்க, நானே டொக்டருகிட்ட சொல்லிடுறேன்'னா. கொஞ்சம் பொறு, எல்லாத்தையும் திரும்ப எண்ணிப் பாப்போம்னேன். 'சரிக்கா'ன்னுட்டா. அந்த வாரந்தான் அவளுக்கு ரத்தம் கொறவுன்னு சொன்னேன்."

"சீட்ட ஏன் மாத்துனீங்க?" கஜேந்திரனின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"ஒன்றரை வருஷம். எலி செத்துக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் இல்லாம நான் எப்படித் திரும்பி வர்றது? முச்சந்தியில அந்தப் பேனரப் பாத்தீங்களா? காத்துல கிழிஞ்சா அப்பா ஒவ்வொரு தடவையும் தச்சுக் கட்டுறாரு."

"பிளாஸ்க்ல கலக்க ஏன் வெள்ளிக்கிழமை?" என்று கேட்டாள் ஸுமைரா.

"தனுஷன் விரதம்னு தெரியும். அவன் குடிக்கலன்னா பழி அவன்மேலதான் போகும்."

கஜேந்திரன் வாசலுக்குப் போய் நின்றான். பள்ளம் விலக்கி ஓட்டிய அந்தப் பாதையை அவனால் பார்க்க முடியவில்லை. இருபது வலிப்புக்காரர்கள் இந்த மலைகளில் எங்கோ இருந்தார்கள். அனுமதி கிடைத்திருந்தால் அவர்கள் வீட்டுக்கும் ஒரு போத்தல் போயிருக்கும், 'காலையில் ஒன்று' என்று எழுதி. கீழே வளைவில் ஓப்பநாயக்கப் பொலிஸ் ஜீப் சேற்றில் உறுமி ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஜீவராணியை அழைக்கப் போன நேரத்தில் மிஸ் சும்மா இருக்கவில்லை.

உள்ளே ராக்கம்மா இன்னும் அதே இடத்தில் நின்றாள். ஜீவராணி தட்டிவிட்ட கை அப்படியே விரிந்திருந்தது. அவள் கத்துவாள், தலைமயிரைப் பிடித்து உலுக்குவாள் என்று கஜேந்திரன் எதிர்பார்த்தான். அவள் ஜீவராணிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"இந்த மிஸ்ஸு எல்லாத்தையும் எனக்கு முன்னுக்கே சொல்லிட்டாங்க புள்ள. இனிப்பு மாத்திரைன்னும் தெரியும். நீ செஞ்சிருந்தா பதறுவ, செய்யலன்னா சும்மா பாத்துக்கிட்டு இருப்பன்னாங்க. நான் நம்பல. நம்ம ராணி அப்படிச் செய்யமாட்டான்னு சண்டை புடிச்சேன்."

வெளியே ஜீப் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நீ தட்டிவிடக் கூடாதுன்னுதான் புள்ள, மாரியாத்தாவக் கும்புட்டுக்கிட்டே கைய வாய்க்குக் கொண்டுபோனேன்."